தலையெழுத்து என்று சொல்லலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் டேனரி வேலைக்குப் போகிறவர் நோயில் விழுந்தால் முதலில் வரும் சொல் தலையெழுத்து. ஒருவர் நசீபு என்பார், இன்னொருவர் முன்வினை என்பார். பிறக்கும்போதே எழுதியது மாறாது என்ற இந்த நம்பிக்கைக்கு, ‘எல்லாம் ஜீன்ல இருக்கு’ என்ற பேச்சு இப்போது விஞ்ஞான முலாம் பூசுகிறது. அந்த முலாம் நிற்காது. நம் தோலிலும் ஈரலிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. எது பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. அதைத் தீர்மானிப்பவற்றில் ஒன்று, ஏறக்குறைய 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவிலிருந்து புரதம் செய்யும் உத்தரவைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.வில், தனக்குப் பொருந்தும் இடத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. மரபணு அப்படியே இருக்கிறது. அதன் உத்தரவு மட்டும் நிறைவேறாமல் போகிறது. 1993-இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்ட விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காவல் தளர்ந்தால் நோய் வருகிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோயாளிகள் பலரிடம் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் அழிந்தோ குறைந்தோ இருப்பது 2002-இல் தெரியவந்தது. நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று குரோமியம். டேனரி டிரம்மில் குரோம் உப்போடு சுழன்ற தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். வெட் புளூ என்பார்கள். அந்த உப்பு மூன்று இணைதிற குரோமியம், ஓரளவு சாது. ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் தருவது உறுதி. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியலில் இருப்பது அதுதான். மனித மூச்சுக்குழல் செல்களை இந்த நஞ்சில் நெடுநாள் வைத்த ஆய்வில் மிர்-143 குறைந்தது, செல்கள் புற்றுத்தன்மை கொண்டன. அதை மீண்டும் கூட்டியபோது அந்தப் போக்கு தணிந்தது. ஆய்வகச் செல்லிலிருந்து ஊர் மக்களின் நோய்க்கு நேராகத் தாவிவிடக் கூடாது. ஆனாலும், வெளியிலிருந்து வந்த ஒரு பொருள் எழுதியதன் பலனை மாற்றியதை இங்கே கண்ணால் பார்க்கிறோம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் மரபணுவில் எழுதப்பட்டதுதானே, விதி ஒரு படி உள்ளே போய் ஒளிந்துகொண்டதே ஒழிய ஒழியவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது இருப்பது எழுதப்பட்டது. எவ்வளவு உருவாகும் என்பது காற்றையும் நீரையும் பொறுத்தும் மாறுகிறது. அங்கேதான் மனிதக் கை எட்டுகிறது. பரம்பரையாக வரும் ஓர் அமிலாய்டு நோயில், பிறவியிலேயே பிழையான மரபணு ஈரலில் கேடான புரதத்தைச் செய்து நரம்பை அழிக்கிறது. அந்த மரபணுவின் தூதைக் குறிபார்த்து வெட்டும் சிறு ஆர்.என்.ஏ. மருந்தான பட்டிசிரான் 2018 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எழுத்து என்று சொல்லத்தக்க நோயிலேயே இவ்வளவு செய்ய முடிகிறது.

இறைவன் வகுத்ததில் கைவைப்பதா என்பவர்களுக்கு, சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரித்திருப்பதை நினைவூட்டுகிறேன்: சேர்ந்துகிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இப்போது புதிதாகச் செய்யும் ஆகாமியம். நோயாளி படுவது பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். கழிவைப் பாலாற்றில் திறந்துவிடுகிறவர் செய்வது ஆகாமியம் இல்லையா? அதற்கு அவர் பொறுப்பில்லை என்று எந்தச் சமயம் சொல்கிறது? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குத் தலையெழுத்து என்ற சொல் ஆறுதல் தரும். அதை யாரும் பறிக்க வேண்டாம். அதே சொல்லை ஆலை முதலாளியும் அதிகாரியும் சொல்லும்போது மட்டும் நாம் ஏற்கக் கூடாது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பாலாற்று மாசால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.