சுமந்து சென்ற கல்

1908இல் ஒஸ்ரியாவின் டான்யூப் கரையோரக் கிராமமான வில்லென்டோர்வில் நடந்த அகழ்வில் ஒரு பெண்ணுருவம் வெளிப்பட்டது. சுண்ணாம்புக் கல். உயரம் 11 சென்ரிமீற்றர். ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் பழமையானது. முகம் இல்லை, பாதங்களும் இல்லை. நிமிர்த்தி வைத்தால் நிற்காது. வேட்டையாடி அலைந்தவர்கள் கையிலோ பையிலோ கொண்டு திரியச் செய்ததுபோல் இருக்கிறது.

கல் அந்த ஊருக்குரியதல்ல. 2022இல் வியன்னாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணிய ஊடுகதிர்ப் படங்களெடுத்து, அதனுள்ளிருக்கும் சிறுமணிகளை ஐரோப்பாவின் பல இடத்துக் கற்களோடு ஒப்பிட்டார்கள். மிகவும் ஒத்துப்போனது வட இத்தாலியில் கார்தா ஏரிப் பக்கத்துக் கல். அடுத்ததாகக் கிழக்கு உக்ரேனியக் கல். முதலாவதென்றால் இடையில் அல்ப்ஸ் மலை. இரண்டாவதென்றால் 1,600 கிலோமீற்றருக்கு மேல். சாயலில் இதற்கு நெருங்கிய உருவங்களோ ரஷ்யாவின் டொன் நதிக்கரையில், கொஸ்தென்கியில் கிடைத்திருக்கின்றன. இருந்தும் கடைசியாகத் தங்கிய ஊரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. ஊரில் எங்களைக் 'கனடாக்காரர்', 'சுவிஸ்காரர்' என்று சொல்கிற மாதிரி.

அப்படியானால் இது யாருடையது?

அப்பாவித்தனமான கேள்வியல்ல இது. தெளிவான எல்லையோடு ஒரேவகைப் பொருட்கள் கிடைக்கும் பிரதேசம் ஒரே மக்களுக்குரியது என்று ஜேர்மனியரான குஸ்தாவ் கொஸின்னா 1911இல் எழுதினார். அவர் இறந்த பின் நாசிகள் அந்த வாய்ப்பாட்டைக் கொண்டு அயல்நிலங்களுக்கு உரிமை கோரினார்கள். ஓட்டுத்துண்டைக் காணி உறுதியாக்குகிற வித்தை இலங்கையில் சிங்களத் தரப்புக்கும் தெரியும், தமிழ்த் தரப்புக்கும் தெரியும்.

கல் ஓரிடம், சாயல் வேறிடம், கிடைத்தது இன்னோரிடம் என்கிறபோது கொஸின்னாவின் வாய்ப்பாடு உதவாது. அதற்காகக் 'கலாசாரத் தொடர்பு' என்று சொல்லிவிட்டு நிம்மதியடைபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தொடர்பு இனிப்பான சொல். கொடுத்ததும் தொடர்புதான், பண்டமாற்றும் தொடர்புதான், கொன்று பறித்ததும் தொடர்புதான். பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு பெண்ணின் மடியில் இது இருந்திருக்கலாம். கல்லில் அது எழுதப்பட்டிருக்காது.

தோளில் தூக்க முடிந்ததே அந்த மனிதர்களின் சொத்து. குழந்தை, இறைச்சி, தோல், ஈட்டி, சிக்கிமுக்கிக் கல். இவற்றோடு, தின்னவும் உதவாத வெட்டவும் உதவாத ஒரு பொருளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே பிறந்த மண்ணை விட்டுவிட்டு, சுமந்த தூரத்தை வைத்து உரிமையைக் கணக்கிடலாமே என்று எனக்கும் ஆசை வருகிறது. வீடு வாசலை விட்டு வந்தவர்களுக்கு வசதியான கணக்கு அது. ஆனால் பறித்தவனும் சுமந்துகொண்டுதான் போயிருப்பான்.