நன்றிக்குக் கதை வேண்டுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் ஆண் பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயர் சூட்டும் வழக்கம் உண்டு. சனவரி 15-ஆம் நாள் அவர் பிறந்த நாளென்று அவர் சிலைக்கு முன் பொங்கலிடுகின்றனர். 2013-இல் லோயர் கேம்பில் தமிழக அரசு மணிமண்டபமும் எழுப்பியது. மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பிய பொறியாளர் அவர். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது.

எங்கள் கடப்பாக்கத்துப் பக்கம் மரக்காணம் நோக்கிச் செல்லும் கால்வாய்க்கும் ஓர் ஆங்கிலேயர் பெயர்தான். சென்னை மாகாண ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர். ஆனால் இக்கரையில் எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பக்கிங்காம் என்று அழைத்ததாக நான் கேட்டதில்லை! கல்லில் பெயர் பொறிப்பது வேறு, மக்கள் நாவில் பெயர் தங்குவது வேறு போலும்.

பென்னிகுயிக்கின் பெயரோடு ஒரு கதையும் தங்கியிருக்கிறது. வெள்ளம் வேலையை அடித்துச் சென்றதாம். அரசு பணம் தர மறுத்ததாம். அவர் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தாராம். கட்டுமானத்தின்போது வெள்ளம் சேதம் விளைவித்தது உண்மையே. சொத்து விற்றதற்கோ அக்காலத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அணை அரசின் பணத்தில், பாசன வருவாயைக் கணக்கிட்டுத் திட்டமிடப்பட்ட அரசு வேலை.

கதை பொய்யானால் நன்றியும் வீணாகுமா? "நல்ல கதை, யாருக்கு என்ன கேடு? விட்டுவிடுங்களேன்" என்பர் சிலர். அதில் ஓரளவு நியாயம் உண்டு. தமக்காக ஒருவர் முழு மனத்தோடு நின்றார் என்று உணர்ந்த எளிய மக்கள், அந்த உணர்வைத் தாம் அறிந்த மொழியில் சொன்னார்கள். உழவர் வீட்டில் தியாகம் என்றால் முதலில் கழன்று போவது நகைதானே.

எனினும் எனக்கு ஒரு நெருடல். சம்பளம் பெற்று, அந்தச் சம்பளத்திற்குரிய வேலையை எட்டாண்டு பிசகாமல் செய்த மனிதனுக்கு நன்றி சொல்ல நமக்கு மனம் வரவில்லையா? சொந்தப் பணம் போட்டால்தான் அவன் பெரியவனா? அப்படியானால், தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நேராக எழுப்பிக் கூலி வாங்கிப் போகும் கொத்தனாருக்கு நாம் ஒன்றும் கடன்படவில்லை என்றாகிவிடுமே.

கதையின்றியே அக்குடும்பத்தின் வாழ்வு கனமானதுதான். 1849 சனவரியில் பஞ்சாபின் சிலியான்வாலா போர்க்களத்தில் தந்தை மாண்டார். அதே களத்தில் பதினேழு வயது அண்ணன் அலெக்சாண்டரும் மாண்டான். அப்போது ஜான் பென்னிகுயிக்குக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. விதவைத் தாயிடம் வளர்ந்த அவர், தந்தையையும் தமையனையும் விழுங்கிய இந்தியாவுக்கே 1860-இல் பொறியாளராக வந்தார். மனைவி கிரேஸ், ஐந்து பெண்கள், ஒரு மகன். 1896-இல் ஓய்வு பெற்று நாடு திரும்பினார். 1911-இல் கேம்பர்லியில் இறந்தார். அந்த ஊரில் அவருக்குச் சிலை வைக்கத் தமிழ்நாட்டார் இங்கிருந்து போக வேண்டியிருந்தது, அது 2022-இல்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. காடும் காய்ச்சலும் சூழ்ந்த அந்த மலையில், கட்டுமானக் காலத்தில் நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு உண்டு. அணைக்கு வடக்கே ஓர் இடுகாடு இருக்கிறது. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்தவர்கள், கல் சுமந்தவர்கள், அவர்களுக்காக அடிவாரத்தில் காத்திருந்த பெண்கள். இவர்களைப் பற்றி ஒரு கதைகூடக் கட்டப்படவில்லை. விற்பதற்கு அவர்கள் வீட்டில் நகை இருந்திருக்குமா என்பதே ஐயம். பொங்கலன்று ஒரு படியரிசி அவர்களுக்கென்றும் உலையில் போட்டால் என்ன?