காரைக்கால் பேராசிரியரே, உங்கள் நூலைத் திறந்துவிடுங்கள்!

தேர்வு நெருங்கிவிட்டால் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடமிருக்காது. அங்கே நகலெடுக்கப்படுவது வெளியூர்ப் பதிப்பகத்தின் தடித்த புத்தகம் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் குறிப்புகளும்தான்! வகுப்பில் நீங்கள் சொல்லச் சொல்ல ஒரு மாணவி வரி பிசகாமல் எழுதி வைத்தவை. சீனியரிடமிருந்து ஜூனியருக்கு, நெடுங்காட்டிலிருந்து நிரவிக்கு, அங்கிருந்து திருமலைராயன்பட்டினத்துக்கு என்று அவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் உழைப்பு ஏற்கெனவே இலவசமாகத்தான் ஊர் சுற்றுகிறது. உங்கள் பெயர் மட்டும் அதில் இல்லை. பிழை இருந்தால் திருத்தவும் வழியில்லை.

அந்தத் தாள்களை நூலாக்குங்கள். யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று உங்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி, அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, செருமாவிலங்கை வேளாண் கல்லூரி, திருவேட்டக்குடி தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்று இந்தச் சின்ன நிலப்பரப்புக்குள் எத்தனை துறைகள், எத்தனை ஆசிரியர்கள்! இத்தனை பேர் இருந்தும் பாடநூல் வெளியூரிலிருந்துதான் வர வேண்டுமா?

“பாடநூல் எழுத நான் யார்?” என்ற கேள்வி உள்ளே எழும். அதை அங்கேயே நிறுத்துங்கள். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல. அவர் அதைக் கற்றார், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், தம் மாணவர்களையே துணைக்கு வைத்துக்கொண்டு உடற்கூறு முதல் அறுவை மருத்துவம் வரை தமிழில் நூல்களாக்கினார். கலைச்சொல் அகராதி ஒன்று வந்து சேரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நமக்கோ தாய்மொழி கையில் இருக்கிறது, கணினியும் இருக்கிறது. தயக்கம் எதற்கு?

பழங்கதை போதாது என்றால் நம் காலத்துக்கே வாருங்கள். 2012இல் ‘கணியம்’ மின்னிதழ் தொடங்கியது. அதில் த. சீனிவாசனும் து. நித்யாவும் கணினி நுட்பங்களை எளிய தமிழில் எழுதினார்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் பற்றி நித்யா எழுதியவை நூலாயின. பின்னாளில் இயந்திரக் கற்றலைப் பற்றியும் தமிழில் நூல் தந்தார். எல்லாம், யாரும் பகிரலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், இலவசமாக. பெரிய பதிப்பகம் அழைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்ததை எழுதினார்கள், திறந்து வைத்தார்கள். உங்களுக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவா?

காரைக்கால் அம்மையார் சிவனடியாருக்கு ஒரு மாங்கனி கொடுத்தார். கணவனுக்கென்று வந்த இரண்டில் ஒன்று குறைந்தது. அந்த நினைவில்தான் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து கனிகளை இறைக்கிறோம். மாங்கனியைக் கொடுத்தால் கூடை குறையும். நூலைக் கொடுத்தால் என்ன குறையும்? ஆயிரம் பேர் எடுத்த பிறகும் அது முழுதாக உங்களிடம் இருக்கும். குறையும் பொருளையே இறைத்து மகிழும் ஊர் இது. குறையாத பொருளை ஏன் பூட்டி வைக்கிறோம்?

சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிக் கொடுத்தாலன்றி உங்கள் நூலின் உரிமை பதிப்பகத்துக்குப் போகாது. பழைய ஒப்பந்தம் ஏதும் இருந்தால் இன்றே எடுத்துப் படியுங்கள். அதில் காலவரையறை குறிப்பிடவில்லை என்றால் 19ஆம் பிரிவு அதை 5 ஆண்டு என்றே கொள்ளும். அலமாரியில் தூங்கும் உங்கள் பழைய நூல் உங்களிடமே திரும்பி வந்திருக்கலாம்! திறக்காமல் சும்மா விட்டால், ஆசிரியர் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டு பதிப்புரிமை என்ற பூட்டு நீடிக்கும். உங்கள் பேரன் பேத்திகளின் வகுப்பறை வரை எட்டும் பூட்டு அது.

“பெயரை நீக்கிவிட்டுத் தங்கள் நூல் என்பார்களே?” அப்படிச் செய்யக் கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸின் ஆறு உரிமங்களிலும் ஆசிரியர் பெயரைச் சொல்வது கட்டாயம். “யாராவது அச்சிட்டு விற்றால்?” வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமமும் அதில் உண்டு. “பதவி உயர்வுக்கு உதவாதே?” திறந்த நூலுக்கும் ஐஎஸ்பிஎன் எண் வாங்கலாம். இந்தியாவில் அதற்குக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் மின்பாடங்களுக்கும் மதிப்பெண் தருகின்றன. ராயல்டி போகும் என்பது மட்டும் உண்மை. அதை மறைத்துப் பேச மாட்டேன். பாடநூல் ராயல்டியை நம்பிக் குடும்பம் நடத்துபவர் இருந்தால் அவரை நான் வற்புறுத்தமாட்டேன். மாதச் சம்பளம் வாங்கும் நம்மைப் பற்றித்தான் பேசுகிறேன். இன்னொன்றும் தெரிந்து செய்யுங்கள். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பிறருடைய படம், அட்டவணைகளை அனுமதியின்றி உங்கள் நூலில் சேர்த்துத் திறக்கவும் முடியாது.

எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டும் என்பதும் இல்லை. 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை உலகுக்குத் திறந்துவைப்பதாக அறிவித்தது. 2012இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற திறந்த பாடநூல் திட்டம் இயற்பியல், சமூகவியல் நூல்களோடு தொடங்கியது. அதன் நூல்கள் பலவற்றை, பெயர் குறிப்பிட்டால் போதும், அனுமதி கேட்காமலே மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். சமூகவியல் நூலில் சிகாகோ எடுத்துக்காட்டாக வருகிற இடத்தில் காரைக்கால் மீனவர் பஞ்சாயத்தை வையுங்கள். மண்ணியல் எழுதுகிறவரே, காவிரியின் கடைமடையில் கடல் உப்பு ஏறிய வயலைப் பற்றி உங்களைவிட நன்றாக எந்த நாட்டுப் பேராசிரியர் எழுதிவிடுவார்? அந்த அத்தியாயம் உலகில் இன்னும் எழுதப்படாமல் இருந்தால் அது உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது!

முழு நூல் என்று மலைக்காதீர்கள். ஒரு யூனிட் போதும். மாணவர்கள் எப்போதும் தடுமாறுகிற, நீங்கள் எப்போதும் நன்றாக நடத்துகிற அந்த ஒரு யூனிட். எழுதி முடித்து, பக்கத்து அறைப் பேராசிரியரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முதல் பக்கத்தில் உங்கள் பெயர், அதன் கீழே காரைக்கால், அதன் கீழே கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடுதல், அதேபோல் பகிர்தல் 4.0 உரிமம் என்று எழுதி, அடுத்த செமஸ்டர் தொடங்கும் அன்றே கோப்பை வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள்.