எந்தப் பழமை?

பெரிய நகரத்தில் புதிதாகக் குடியேறுகிறவர் கேட்கும் முதல் கேள்வி வீட்டு வாடகையைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது கேள்வி, "இங்கே நல்ல காப்பி எங்கே கிடைக்கும்?" என்பது. வெறும் காப்பிக்காக அவர் அப்படிக் கேட்கவில்லை. அது தெருவுக்கு நான்கு இடங்களில் கிடைக்கிறது. பித்தளை டபரா, அன்று வறுத்து அன்றே அரைத்த பொடி, முகத்தைப் பார்த்ததும் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் சர்வர், இவையெல்லாம் உள்ள பழைய கடை ஒன்றை அவர் தேடுகிறார். கிடைக்காவிட்டால், "அந்தக் காலமே போய்விட்டது" என்று பெருமூச்சு விடுகிறார்.

இந்த ஏக்கம் நமக்கு மட்டும் சொந்தமானதன்று. லண்டன் நகரத்தில் இதே மனத்தோடு தேடுகிறவர்கள் உண்டு. அவர்கள் தேடுவது 'பப்' என்ற பழைய மதுக்கடையை. அங்கே பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் 'ஸ்டவுட்' என்ற கறுத்த, கசந்த பீரை. 1903-இல் நம் பீகாரில், மோதிஹாரியில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1946 பிப்ரவரியில் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் தம் மனத்துக்கு உகந்த மதுக்கடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடையின் பெயர் 'நீருக்கடியில் நிலவு'. பழங்காலத்து மர வேலைப்பாடு, பேசுவதற்கு ஏற்ற அமைதி, வாடிக்கைக்காரர்களின் பெயர் தெரிந்த பணிப்பெண்கள், குழந்தைகளும் வரக்கூடிய தோட்டம், பீப்பாய் ஸ்டவுட் என்று சிறப்புகளை அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார்: அப்படி ஒரு கடையே இல்லை! அவர் விரும்பிய பத்து அம்சங்களில் எட்டு உள்ள கடை ஒன்றை மட்டும் அவருக்குத் தெரியும். அங்கேயும் பீப்பாய் ஸ்டவுட் கிடையாது.

கதை அதோடு முடியவில்லை. பிற்காலத்தில், நாடெங்கும் கிளைகள் வைத்து மதுக்கடை நடத்தும் ஆங்கிலக் கம்பெனி ஒன்று, இல்லாத அந்தக் கடையின் பெயரையே தன் கடைகள் பலவற்றுக்குச் சூட்டியது. நாம் சிரிக்கலாம். ஆனால் சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பலகைகளை வரிசையாகப் பார்த்தவர்கள் கொஞ்சம் அடக்கமாகவே சிரிக்க வேண்டும். பால்மானி வைத்துப் பார்த்த கலப்பற்ற பாலினால் 'டிகிரி' என்ற பெயர் வந்தது என்பார்கள். பாலுக்குப் பால்மானி உண்டு. பலகைக்கு எதை வைத்துப் பார்ப்பது?

ஏக்கம் உள்ள இடத்துக்கு வியாபாரம் வந்து சேரும். அதை விட்டுவிடுவோம். நாம் ஏங்குகிற அந்தப் பழமைதான் என்ன? அதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

காப்பி நம் முன்னோர் வழிவழியாகக் குடித்த பானம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுந்தான் அது தமிழ் நடுத்தரக் குடும்பங்களின் அடுக்களைக்குள் நுழைந்தது. காலையில் நீராகாரம் குடித்து வளர்ந்த பெரியவர்கள் அதைக் கெட்ட பழக்கம் என்றார்கள். கள்ளோடு சேர்த்து வைத்து ஏசியவர்களும் உண்டு. இன்று எவரை 'அந்தக் காலத்துக் காப்பி ரசிகர்' என்று போற்றுகிறோமோ, அவர் அந்தக் காலத்தில் புதுமோகம் பிடித்தவர் என்று பெயர் வாங்கியவர்.

ஸ்டவுட்டின் கதையும் இதுதான். கண்ணாடிக் குவளையில் நுரை மெல்ல மெல்லப் படிந்து அடங்கும் அழகை இன்று அதன் பரம்பரை அடையாளமாக எண்ணுகிறார்கள். நைட்ரஜன் வாயுவின் துணையால் அந்த நுரையை உண்டாக்கும் முறையைக் கின்னஸ் நிறுவனம் கொண்டுவந்தது 1959-இல். அதைக் கண்டவர் ஒரு கணித அறிஞர். 1950-இலேயே காலமாகிவிட்ட ஆர்வெல் அந்த நுரையைப் பார்த்திருக்க முடியாது.

ஆகவே ஆண்டுக் கணக்கை வைத்து மட்டும் பழமையின் மதிப்பைச் சொல்லிவிட முடியாது. வேறு எதை வைத்துச் சொல்வது?

கோடைக்கானலில் ஏரிக்கரையைச் சுற்றி நடக்கிற வெளியூர்க்காரர்கள், "மலைக்கு வந்திருக்கிறோம், இங்கேயாவது நல்ல காப்பி கிடைக்கும்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள அந்த ஊரின் குளிர் காப்பிச் செடிக்கு ஆகாது. பழனி மலைத்தொடரில் காப்பி விளைவது அதற்குக் கீழே, பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற ஊர்களைச் சுற்றி. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இருக்கிறது. நிழல் மரங்களுக்கு அடியில் காப்பி, மரத்தின் மேல் மிளகுக் கொடி, இடையிடையே ஆரஞ்சும் மலை வாழையும். செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஒரே கொத்தில் உள்ள பழங்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை. சிவந்ததைப் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். இத்தனை பாடும் முடிந்த பிறகு, பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரியைக் கலந்து, பொட்டலத்தில் அதைச் சொல்லிவிட்டால் சட்டப்படி சரி.

சில ஆண்டுகளுக்கு முன், காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில், நண்பர் ஒருவரோடு கோடைக்கானலிலிருந்து இறங்கித் தாண்டிக்குடிப் பக்கம் போயிருந்தேன். சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு.

"இந்த மலைக் காப்பி கிடைக்குமா அண்ணே?" என்று நண்பர் கேட்டார்.

"மலைக் காப்பி மலையிறங்கிப் போயிடும் சார். அப்புறம் தூளாகிப் பொட்டலத்துல மேலே வரும். அதைத்தான் கலக்கித் தர்றேன்" என்றார் கடைக்காரர். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வரக்காப்பி இருக்கு. பழம் பறிக்கிறவங்களுக்குன்னு வீட்டுக் கொட்டையை இடிச்சுப் போட்டது. குடிக்கிறீங்களா?" என்றார்.

கருப்பட்டி மணக்கும் காப்பி. நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு உருகிப் போனார். "அந்தக் காலத்துக் கடை சார் இது! இது இப்படியே மாறாமல் இருக்க வேண்டும்" என்றார்.

எதிர்ப் பெஞ்சில், பறித்த பழத்தை எடை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி அவரைப் பார்த்துச் சிரித்தார். "அந்தக் காலத்துல எங்க மாமியா இந்த மாதிரி பெஞ்சுல உக்காந்ததில்ல தம்பி. வெளியே நின்னு, சிரட்டையில வாங்கிக் குடிச்சிட்டுப் போகும். இப்பத்தான் நல்லாருக்கு" என்றார்.

நண்பர் பேசவில்லை. அந்த அம்மாள் தம் தம்ளரை எங்கள் தம்ளர்களோடு அதே பலகையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த மாமியாருக்குக் கிடைத்த சிரட்டை மலையில் மட்டும் இருந்ததன்று. கடைகளிலும் ஹோட்டல்களிலும் எவரையும் சாதி காரணமாகத் தடுக்கக் கூடாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. ஆயினும் 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டலின் பெயர்ப் பலகையிலிருந்த சாதிப் பெயரை அகற்றக் கோரி, பெரியார் மாதக் கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்கு வெகு காலம் பின்னும் நீடித்தது. லண்டன் மட்டும் என்ன? அங்கேயும் உழைப்பாளிக்கு ஓர் அறை, கனவானுக்கு ஓர் அறை. பத்திரிகைக்காரர்கள் கூடுகிற பேர்போன மதுக்கடை ஒன்றில், பெண்கள் ஆண்களைப் போல முன்மேடையில் நின்று மது வாங்கிக் குடிக்க முடியவில்லை. 1982-இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே முடிந்தது.

இங்கேதான் கடினமான கேள்வி எழுகிறது. பழைய கடையில் நாம் விரும்புவது, நம்மை அங்கே தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்ற நிறைவை. 'வாங்க சார்' என்ற ஒரு சொல்லில் நகரத்தின் தனிமை கரைந்துவிடுகிறது. ஆனால் நம் முகத்தைத் தெரிந்து வரவேற்ற அதே கண்தான் இன்னொருவர் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நிறுத்தியது. வரவேற்பும் விலக்கும் ஒரே வேரில் முளைத்தவையானால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் களைந்துவிட முடியுமா?

முடியாது என்று சொல்வோர் உண்டு. எல்லோருக்கும் கதவைத் திறந்தால் கடை சந்தையாகிவிடும். நெருக்கம் போய்விடும் என்பார்கள். இன்றைய கிளைக் கடைகளை அவர்கள் சான்றாகக் காட்டலாம். அங்கே எவரையும் தடுப்பதில்லை. எவரையும் தெரிந்துகொள்வதும் இல்லை. பில்லில் ஓர் எண் வரும். எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. முரளி கபே மறியல் நடந்த அதே 1957-இல் வேறொன்றும் நடந்தது. காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூடத் தொடங்கியதால் வேலை இழந்த தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலனின் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, அந்தக் கடைகளைத் தாங்களே நடத்த முன்வந்தார்கள். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மாணவரும் எழுத்தாளரும் குமாஸ்தாவும் மணிக்கணக்கில் பேசிய மேஜைகள் அவை. அங்கே பரிசாரகருக்கு வாடிக்கைக்காரர்களைத் தெரியும். ஆனால் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இடம் என்று அவர் சொன்னதில்லை. இன்று அவற்றைத்தான் 'பாரம்பரியக் காப்பிக் கடை' என்று தேடிப் போகிறோம். பரம்பரையாக அவை வந்து சேரவில்லை. வேலை போன மனிதர்கள் தொடங்கி வைத்தவை.

முகமறிந்த அன்பு ஒருவரின் பிறப்பைக் கேட்டால் கோஷ்டியாகிவிடுகிறது. பிறகு வந்தவரையும் நாளைக்குத் தெரிந்தவராக்கிக் கொண்டால் அது நட்பாகிறது. கலப்பில்லாத பொடி, சரியான அளவு, அவசரப்படாத கை ஆகிய மூன்றும் எந்தச் சாதியின் சொத்தும் அல்ல. பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்ததனால் தாண்டிக்குடியில் கருப்பட்டியின் மணம் குறைந்துவிடவில்லை.

ஆகவே, நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவருக்கு நான் தெருப்பெயர் சொல்வதில்லை. கடைக்குள் நுழைந்ததும் பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிறகு காப்பியை வாயில் வையுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் மறுநாளும் போங்கள். நியாயமான விலையை முணுமுணுக்காமல் கொடுங்கள். புதியவர் ஒருவர் வந்தால் நகர்ந்து இடம் விடுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து, அதைப் பழைய கடை என்று சொல்லி யாராவது தேடிக்கொண்டு வருவார்கள்.