கையெழுத்துப் போடுவதற்கு முன்

இந்தக் கட்டுரை முழுக்க என் சொந்த உழைப்பு என்று சொல்லும் தாளில் நீ கையெழுத்துப் போடப் போகிறாய். போடுவதற்கு முன் கொஞ்சம் நில், பிள்ளை. இங்கிலாந்தில் ஏ லெவல் படிக்கும் உனக்கு ஆங்கில இலக்கியத்திலும் வரலாற்றிலும் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் கோர்ஸ்வொர்க்குக்கு உரியது. தேர்வு மண்டபத்துக்கு வெளியே, உன் மேசையில், உன் போக்கில் நீ எழுதுவது. அவ்வளவு மதிப்பெண்ணை உன் கையில் கொடுத்தவர்கள் உன் சொல்லை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையை விலை பேசும் கூட்டம் இணையத்தில் காத்திருக்கிறது. பணத்துக்குக் கட்டுரை எழுதித் தருவதையும் அதற்கு விளம்பரம் செய்வதையும் இங்கிலாந்து 2022இல் குற்றமாக்கியது. பதினாறு வயதுக்கு மேல் படிக்கும் மாணவர்களைக் காக்க வந்த சட்டம் அது. அதில் தண்டனை விற்பவனுக்கு. ஆனால் பிடிபட்டால் தேர்வு வாரியம் உன் மதிப்பெண்ணைப் பறிக்கும், பாடத்திலிருந்தே உன்னை நீக்கவும் செய்யும். செயற்கை நுண்ணறிவு எழுதியதை உன்னுடையது என்று கொடுத்தாலும் அதே கதிதான். இந்தப் பயம் ஒன்றே போதும் என்று சிலர் நினைக்கலாம். எனக்குப் போதாது. பிடிபடாமல் தப்பிவிட்டால் என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை.

உதாரணத்துக்கு மூன்றாம் ரிச்சர்டை எடுத்துக்கொள். இலக்கிய வகுப்பில் அவர் ஷேக்ஸ்பியரின் வில்லன். வரலாற்று வகுப்பில் 1483 முதல் 1485 வரை ஆண்டு, போஸ்வர்த் போர்க்களத்தில் மாண்ட அரசர். நாடக வகுப்பில் ஒரு நடிகர் தன் உடம்பில் சுமக்கும் பாத்திரம். மூன்று பாடத்திலும் அவரைப் பற்றி எழுதும் பிள்ளைகள் உண்டு. மூன்றிலும் ஒரே பொய்யை எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

நாடகத்தின் தொடக்கத்தில் ஆறாம் ஹென்றியின் சவ ஊர்வலம் போகிறது, ரிச்சர்டின் அண்ணன் கிளாரன்ஸ் சிறையில் கொல்லப்படுகிறார், மூத்த அண்ணனும் அரசருமான நான்காம் எட்வர்ட் நோயில் விழுகிறார். எல்லாம் சில நாட்களில் நடப்பதுபோல் இருக்கும். உண்மையில் ஹென்றி இறந்தது 1471, கிளாரன்ஸ் 1478, எட்வர்ட் 1483. கிளாரன்ஸைத் துரோகி என்று நாடாளுமன்றத்தில் நிறுத்தி மரணத்துக்கு அனுப்பியவர் சொந்த அண்ணனான எட்வர்ட். பன்னிரண்டு ஆண்டுகளை ஓர் அங்கத்தில் மடித்து வைத்து, பழியை ரிச்சர்டின் தலையில் போட்டது நாடகாசிரியரின் உரிமை. அதை வரலாற்றுக் கட்டுரையில் நடந்த செய்தியாக எழுத உனக்கு உரிமை இல்லை. நீ எழுதுவது ஒரு மனிதர் மேல் கொலைப்பழி. அவரால் எழுந்து வந்து மறுக்க முடியாது. அதனாலேயே உன் பொறுப்பு கூடுகிறது.

யார் சொன்னார், எப்போது சொன்னார், யார் சோற்றைத் தின்றுகொண்டு சொன்னார் என்று கேள். ரிச்சர்டின் கதையை எழுதிய தாமஸ் மோர் 1478இல் பிறந்தவர். அரசர் இறந்தபோது ஏழு வயதுப் பையன். அவர் சிறுவனாகப் பணிசெய்து வளர்ந்தது ஜான் மார்ட்டனின் வீட்டில். அந்த மார்ட்டன் ரிச்சர்டால் கைது செய்யப்பட்டவர், ரிச்சர்டின் பகைவர். மோர் எழுதியது ஹால், ஹாலின்ஷெட் ஆகியோரின் வரலாற்று நூல்கள் வழியாக ஷேக்ஸ்பியரிடம் வந்தது. ஷேக்ஸ்பியர் எழுதியதோ, ரிச்சர்டை வீழ்த்தி அரியணை ஏறிய ஹென்றி ட்யூடரின் பேத்தி எலிசபெத் ஆண்ட காலத்தில். இந்தச் சங்கிலியை நீயே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால், அப்புறம் யாருடைய நோட்ஸும் உனக்கு வேண்டியிருக்காது.

அதற்காக ரிச்சர்டைப் புனிதராக்கிவிடாதே. நான்காம் எட்வர்டின் மகனான பன்னிரண்டு வயது ஐந்தாம் எட்வர்டும் அவன் தம்பியும் 1483இல் லண்டன் கோபுரத்தில், சித்தப்பா ரிச்சர்டின் காவலில் இருந்தபோது காணாமல் போனார்கள். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படவில்லை என்றே எழுது. அப்படி எழுதத் துணிச்சல் வேண்டும்.

இனி நான் மிகவும் வருந்தும் இடம். ரிச்சர்டின் வளைந்த உடல் அவருடைய தீய மனத்தின் அடையாளம் என்ற வாக்கியம் எங்கும் கிடைக்கும். எத்தனையோ பிள்ளைகள் அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். 2012இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது. சூம்பிய கை என்று மோர் எழுதி, ஷேக்ஸ்பியர் அரசவைக் காட்சியாக்கினாரே, அந்தக் கை எலும்பில் அப்படி எந்தக் குறையும் இல்லை. முதுகெலும்பு மட்டும் பக்கவாட்டில் வளைந்திருந்தது. அந்த வளைவு பதின்வயதை ஒட்டித் தொடங்கியிருக்க வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். அதாவது, உன்னைவிடச் சின்ன வயதில். அதே வளைவோடு, சட்டைக்குள் முதுகுப் பட்டை கட்டிக்கொண்டு, உன் வகுப்பில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். உன் கட்டுரையை ஆசிரியர் வகுப்பில் வாசித்தால் அந்தப் பிள்ளை என்ன கேட்கும்? அக்காலத்தார் அப்படி நம்பினார்கள், நாடகம் அந்த நம்பிக்கையைப் பயன்படுத்துகிறது என்று எழுது. உன் கருத்தாக எழுதாதே. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் 1984இல் ஆன்டனி ஷெர் இரண்டு ஊன்றுகோல்களோடு இந்த வேடத்தில் மேடையைச் சுற்றிச் சுழன்றார். அதே கம்பெனி 2022இல் ஆர்தர் ஹியூஸ் என்ற மாற்றுத்திறனாளி நடிகரிடம் வேடத்தைக் கொடுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவே மேடையும் பார்வையாளரும் எப்படி மாறினார்கள் என்று நீயே யோசித்து அரைப் பக்கம் எழுதினால், அது எந்தக் கடையிலும் வாங்க முடியாத அரைப் பக்கம்.

நாடகத்தைப் படிக்காமல் படம் பார்த்து எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லாரன்ஸ் ஒலிவியரின் 1955ஆம் ஆண்டுப் படத்திலும், இயன் மெக்கெல்லன் நடித்த 1995ஆம் ஆண்டுப் படத்திலும் ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட் அரசி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க மேடையை ஆண்ட காலி சிபரின் திருத்திய வடிவத்திலும் அவள் இல்லை. ஷேக்ஸ்பியர் எழுதியதில் இருக்கிறாள். கணவனையும் மகனையும் பறிகொடுத்தவள், பகைவர்களின் அவைக்கே வந்து அவர்களைச் சபிக்கிறாள். அந்த அவையில் இருந்த ஹேஸ்டிங்ஸும் பக்கிங்ஹாமும் தலை போகும் நேரத்தில் அந்தச் சாபத்தை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை மார்கரெட்டோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிரான்சுக்கு அனுப்பப்பட்டு, 1482இல் அங்கேயே இறந்துவிட்டவள். இறந்தவளை எதற்காக மேடைக்கு இழுத்து வந்தார் ஷேக்ஸ்பியர்? இலக்கியம், வரலாறு, நாடகம் மூன்றும் கூடும் கேள்வி இது. சுருக்கம் படித்தவனுக்கு இந்தக் கேள்வி எழவே எழாது.

இங்கிலாந்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் பெற்றோரே, உங்களையும் கெஞ்சிக் கேட்கிறேன். ரியூசன் ஆசிரியரிடம் கட்டுரையைத் "திருத்தித் தாருங்கள்" என்று கொடுத்து, அவர் வாக்கியம் வாக்கியமாக மாற்றி எழுதித் தருவதை வாங்கிக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு ஒரு படி மதிப்பெண் கூடலாம். ஆனால் பொய்க் கையெழுத்துக்கு அம்மாவும் அப்பாவும் உடந்தை என்று அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ளும்.

நேரம் இருக்கிறது. இன்றிரவே கட்டுரையை எடு. எந்த வாக்கியத்துக்கு ஏன் என்று உன்னால் பதில் சொல்ல முடியவில்லையோ அதை அடி. ஒவ்வொரு மேற்கோளையும் நூலில் தேடிப் பார். கணினி கட்டிக் கொடுத்த வரிகள் பல நாடகத்தில் இருக்கவே இருக்காது. பிறர் கருத்தை எடுத்திருந்தால் அவர் பெயரை எழுது. இவ்வளவும் செய்த பிறகு பாதிப் பக்கம்தான் மிஞ்சுகிறது என்றால், நாளைக் காலையில் ஆசிரியரிடம் போய் மறைக்காமல் சொல், இன்னும் எத்தனை நாள் தர முடியும் என்று கேள். பிறகு முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியைத் திறந்து, மார்கரெட்டின் பேச்சை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கு.