எல்லாத்துக்கும் ‘நோ’ போட்டுரலாமா?

அலங்காநல்லூர் என்றதும் உங்களுக்கு வாடிவாசல்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2025 பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் அந்த ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து அலங்காநல்லூர் என்றால் எனக்கு மவுஸ் கிளிக் ஆகும் சத்தம்தான் கேட்கிறது.

என் பெரியப்பா மகன் அந்தப் பக்கத்து ஆள். ரிடையர்டு தமிழ் வாத்தியார். அவருடைய மகள் கல்யாணமாகி ஜமைக்காவில் இருக்கிறாள். தலைப்பிரசவம். மதினி புறப்படுகிறார். மதுரை ஏர்போர்ட்டையே வெளியிலிருந்து பார்த்தவர், கடல் தாண்டிக் கரீபியன் தீவுக்குப் போகிறார். “தம்பி, அந்த ஊர்ல எறங்குறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல ஏதோ ரொப்பணுமாம்ல. நீ கூட வா. நீதான் நாலு எழுத்து படிச்சவன்” என்றார். நாலு எழுத்து என்பது சரியான கணக்கு.

சென்டரில் கூட்டம் நெரிந்தது. எல்லாம் ஜல்லிக்கட்டுக் கூட்டம். இப்போதெல்லாம் காளையை ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றால் வாடிவாசல் திறக்காது. மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். காளைக்குத் தனி, மாடுபிடி வீரருக்குத் தனி. காளைக்கு மாட்டு டாக்டர் சர்டிபிகேட், உரிமையாளரோடு சேர்ந்து நிற்கும் போட்டோ. வீரருக்கு ஆதார், வயசு அத்தாட்சி. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் ஒரு காளை அவிழ்க்கப்படலாம். அந்த வருடம் அலங்காநல்லூருக்கு மட்டும் 5,786 காளைகளும் 1,698 வீரர்களும் பதிந்தார்கள். ஒரு நாளில் வாடிவாசலைத் தாண்டுவதோ ஆயிரத்தை ஒட்டித்தான். டோக்கன் கிடைப்பது குதிரைக்கொம்பு... இல்லை, காளைக்கொம்பு!

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். விரல் மின்னலாக ஓடியது. வருகிறவர் ஆதாரை நீட்டுவார், போனை நீட்டுவார். ஓடிபி வரும். பையன் டக்டக்கென்று நாலு கிளிக். பிரிண்ட். “அடுத்து யாருண்ணே?” முழுப் படிவத்தில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

எங்கள் முறை வந்தது. ஜமைக்காவுக்குப் போகிறவர்கள் குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் சேர்த்து ‘சி-5’ என்று ஒரு படிவம் தர வேண்டும். அதை ஆன்லைனிலேயே நிரப்பிவிடலாம். அரசாங்கத்துக்குக் காசு கிடையாது. (ஒரு அவசரத் தகவல்: ஜமைக்காவோ சிங்கப்பூரோ தாய்லாந்தோ, இந்த மாதிரி இலவசப் படிவங்களுக்கு டாலர் கேட்கும் போலித் தளங்கள் ஏகப்பட்டது உலவுகின்றன. பணம் கேட்டாலே ஒருமுறை முகவரியை உற்றுப் பாருங்கள்.) பெயர், பாஸ்போர்ட் நம்பர், விமான நம்பர், தங்குமிடம் எல்லாம் மளமளவென்று முடிந்தது. அடுத்து சுங்கக் கேள்விகள். ஆயுதம் உண்டா? பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் பணம் உண்டா? செடி, பழம், இறைச்சி, உணவுப் பொருள் ஏதாவது கொண்டுவருகிறீர்களா?

பையன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எல்லாத்துக்கும் ‘நோ’ போட்டுரலாமா சார்? எல்லாரும் அப்பிடித்தான் போடுறாங்க.”

“போடுப்பா” என்றேன்.

ஆமாம், சொன்னது நான்தான். உடனே, யோசிக்காமல், ஏதோ காபிக்குச் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டதைப் போல.

மதினியின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலையில்தான் பார்த்தேன். பிரசவ லேகியம் இரண்டு டப்பா. வசம்பு, சுக்கு, கண்டதிப்பிலி. நார்த்தங்காய் ஊறுகாய். பத்தியச் சோற்றுக்கு நெத்திலிக் கருவாடு, ஐந்து சுற்று பிளாஸ்டிக் பைக்குள். எல்லாவற்றுக்கும் மேலே, ஈரத்துணியில் வேரைச் சுற்றி, மகள் வீட்டுக் கொல்லையில் நடுவதற்காக ஒரு கறிவேப்பிலைக் கன்று.

அப்போது மதினி கேட்டார்: “அந்தப் பிள்ளை என்னமோ இல்லைன்னு போடுதே. எதை இல்லைங்குது?”

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களை ஒன்று கேட்கிறேன். கடைசியாக நீங்கள் ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தது எப்போது? இன்று காலை போனில் ஏதோ ஆப் இறக்கியபோது? படித்தீர்களா? 2016-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் இல்லாத ஒரு சமூகத் தளத்தை உண்டாக்கி, அதில் சேரச் சொல்லி 543 கல்லூரி மாணவர்களைக் கேட்டார்கள். கட்டணமாக முதல் குழந்தையைத் தந்துவிடச் சம்மதம் என்று நிபந்தனைகளுக்கு நடுவே ஒரு வரியையும் செருகி வைத்தார்கள். 98 சதவீதம் பேர் அதைக் கவனிக்கவேயில்லை. முதல் பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிற மதினியிடம் இதை நான் சொல்லவில்லை.

நேரில் ஒரு மனிதர் கண்ணைப் பார்த்து “பெட்டியில் செடி இருக்கிறதா?” என்று கேட்டால் நம்மில் பாதிப் பேருக்கு நாக்குத் தடுமாறும். மெஷின் கேட்டால் தடுமாறாது. அதிலும் விரல் வேறு யாருடையதோ, மொழி வேறு யாருடையதோ என்றால் கேட்கவே வேண்டாம். பொய் நம் மேல் ஒட்டாமல் எங்கேயோ காற்றில் நிற்பதாக ஒரு சௌகரியம். சொன்னது பையன், கேட்டது கம்ப்யூட்டர், அதில் எழுதியிருந்தது இங்கிலீஷ். இதில் ‘நான்’ எங்கே வந்தேன்? ஆனால் படிவத்தில் இருப்பது மதினியின் பெயர்.

அண்ணன் விடுவாரா? தமிழ் வாத்தியார் அல்லவா! “குறையில்லாத நன்மை கெடைக்கும்னா பொய்யும் மெய்க்குச் சமானம்னு வள்ளுவரே சொல்லிட்டாரு. பிள்ளைத்தாச்சிக்குக் கொண்டுபோற மருந்து. இதுல என்னப்பா பாவம்?” வாய்மை அதிகாரத்தில் இரண்டாவது குறள் அது. பத்துக் குறளில் நம் ஜனங்களுக்கு மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான் என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

குறையில்லாத நன்மை... சரி, யாருக்கு?

2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல ஒரு பூச்சி தென்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சி. இந்த மண்ணைச் சேர்ந்தது அல்ல, மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பட்டுப்புழுவுக்கான மல்பெரி என்று பரவி, ஒன்றிரண்டு வருடத்தில் தமிழ்நாட்டு விவசாயிகளைத் தலையில் கைவைக்க வைத்தது. மருந்தடித்துப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் 2010-ல் அதைத் தின்று தீர்க்கும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டபிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி வந்தது எங்கிருந்து தெரியுமா? போர்ட்டோரிகோ. அதுவும் கரீபியன் தீவுதான். எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 1994-ல் கிரெனடா தீவில் தலைகாட்டி, மற்ற தீவுகளுக்கும் பரவி நாசம் செய்த இன்னொரு மாவுப்பூச்சி, நம் ஆசியாவிலிருந்து போனது. இவையெல்லாம் எந்தப் பெட்டியில், எந்த ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு போயின என்று யாரால் சொல்ல முடியும்? கெட்ட எண்ணத்தோடு யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். என்னைப்போல யாராவது “போடுப்பா” என்று சொல்லியிருக்கலாம்.

கறிவேப்பிலை விஷயம் இன்னும் மோசம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை மஞ்சளாக்கிப் பட்டுப்போக வைக்கும் நோயைப் பரப்புகிற ஒரு குட்டிப் பூச்சி உண்டு. அது கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். ஜமைக்காவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிற, மதினியை ஜென்மத்துக்கும் பார்க்கப்போகாத ஒரு ஆள்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறான். கம்ப்யூட்டர் அவனுடைய வாய், அவ்வளவுதான்.

இப்படிச் சொல்லிப் பையன் மேல் பாய்ந்துவிடலாம். பாய்வதற்கு முன்னால் இதே கடலில் வேறு ஒரு கதை இருக்கிறது.

ஜமைக்காவுக்கு முதல் இந்தியர்களை ஏற்றிய கப்பல் 1845 மே மாதம் போய்ச் சேர்ந்தது. 1853-ல் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து மர்த்தினிக் தீவுக்குக் கப்பல் போனது. பிரெஞ்சுக்காரர்கள் 1848-ல் அடிமை முறையை ஒழித்துவிட்டார்கள், கரும்பு வெட்ட ஆள் இல்லை. அடுத்த முப்பது சொச்சம் வருடங்களில் மர்த்தினிக்குக்கு மட்டும் சுமார் 25 ஆயிரம் பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள். அலங்காநல்லூரும் கரும்பு விளைகிற பூமிதான், சர்க்கரை ஆலையே உண்டு. கரும்புச் சோகை கையை எப்படிக் கிழிக்கும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போனவர்கள் சாமியையும் கூடவே கொண்டுபோனார்கள். மர்த்தினிக்கில் இன்றைக்கும் மாரியம்மன் ‘மரியேமேன்’, நம்ம மதுரை வீரன் ‘மல்தெவிலேன்’.

அவர்களும் படிவம் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். மனசு ஒப்பித்தான் போகிறேன் என்று அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும். சட்டம் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயசு, ஊர், உடம்பில் என்ன மச்சம் என்பது வரை பதிந்தார்கள். எழுதத் தெரியாதவன் கீறினான், இல்லை விரலை உருட்டினான். ஆள் பிடித்தவன் என்ன சொல்லிக் கூட்டிவந்தானோ, அந்தத் தாளில் என்ன இருந்ததோ! ‘சம்மதம்’ என்று அவன் வைத்த அடையாளம் பொய்யென்றால் அது யாருடைய பொய்? எனக்குச் சந்தேகமே இல்லை. படிக்கத் தெரியாதவன் முன்னால் தாளை நீட்டி, ‘படித்துச் சம்மதித்தான்’ என்று எழுதிக்கொண்டவனுடைய பொய் அது.

அப்படியானால் இன்றைக்கு? நாற்பது பக்க நிபந்தனையை எறும்பு எழுத்தில் போட்டு, படித்தேன் என்று ஒப்புக்கொண்டால்தான் உள்ளே விடுவேன் என்கிற கம்பெனிக்கு, நாம் படிக்கமாட்டோம் என்று நன்றாகவே தெரியும். அங்கே நாம் சொல்கிற பொய்யில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக நான் ராத்திரி தூக்கம் கெட மாட்டேன். ஆனால் பெட்டியில் செடி இருக்கிறதா என்பது எறும்பு எழுத்து இல்லை. ஒரே வரி. பதிலும் மதினிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் இருந்தது கேள்வி மட்டும்தான். அதை அவரிடம் சொல்லவேண்டியவன் பக்கத்தில் உட்கார்ந்து “போடுப்பா” என்றான்.

சொன்னேன். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில். டாலர் கேள்விக்குச் சிரித்தார். செடிக் கேள்விக்குச் சிரிக்கவில்லை. ஆரஞ்சு மரத்துப் பூச்சியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

“கன்னு வேணாம்” என்றார். “அடுத்தவன் தோட்டத்தைக் கெடுத்து எம்மக ரசம் தாளிக்க வேணாம். மருந்தையும் கருவாட்டையும் இருக்குன்னே போடச் சொல்லு. பிடுங்குனாப் பிடுங்கிட்டுப் போறான். பச்சைப்பிள்ளையப் பாக்கப் போறப்ப இல்லாததைச் சொல்லிக்கிட்டா போய் எறங்குறது?”

அண்ணன் முகத்தில் வள்ளுவர் தோற்ற வருத்தம்.

“ஆமான்னு போட்டா கேள்வி கேப்பாங்கம்மா” என்றான் பையன். அவன் சொன்னதும் நியாயம்தான். தெரியாத ஊரில், தெரியாத பாஷையில் ஒரு அதிகாரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், அந்த நிமிஷம் மதினி தனியாகத்தான் நிற்க வேண்டும். நானும் இருக்கமாட்டேன், வள்ளுவரும் இருக்கமாட்டார். ‘நோ’ போட்டிருந்தால் ஒருவேளை யாருமே திறந்திருக்க மாட்டார்கள். உண்மைக்குக் கூலி சில சமயம் ஒரு கிலோ நெத்திலி. அதைக் கொடுக்கப்போகிறவர் அவர். நான் இல்லை என்பதால் எனக்குப் பேசுவது சுலபம்.

பையன் பெருமூச்சு விட்டுவிட்டுப் பின்னால் போய் இரண்டு இடத்தில் ‘யெஸ்’ ஆக்கினான். மாட்டுப்பொங்கலுக்கு முந்தியே மதினி புறப்பட்டுவிட்டார். போய்ச் சேர்ந்து போன் பண்ணினார். லேகியத்தை ஒரு அம்மா மோந்து பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். கருவாடு போய்விட்டதாம். “ஒரு டப்பால எடுத்து வச்சு, பேரெல்லாம் எழுதிக்கிட்டாங்க தம்பி. மரியாதையாத்தான் பேசுனாங்க” என்றார். குரலில் கருவாட்டு வருத்தம் இருந்தது. கறிவேப்பிலைக் கன்றை அண்ணன் கொல்லையில் நட்டுவிட்டார்.

அன்றைக்கு சென்டரில் எங்களுக்கு அடுத்து நின்றவர் ஒரு காளைக்காரர். அறுபது வயசிருக்கும், தோளில் துண்டு. ஜல்லிக்கட்டு அன்று காலையில் மாடுபிடி வீரர்கள் வரிசையாக நின்று கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் எத்தனையோ வருடம் பக்கத்தில் நின்று கேட்டவராக இருப்பார். எங்கள் கூத்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர், பையன் டக்டக்கென்று ஆரம்பித்ததும் டேபிளில் கையை வைத்தார்.

“ஏப்பா, இரு. எனக்கும் அதுல என்ன போட்டுருக்குன்னு ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொல்லு.”

பின்னால் வரிசையில் பதினைந்து பேர். “அட, வெள்ளனப் போட்டு விடுங்க பெருசு, நேரமாச்சு” என்று ஒரு குரல் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.