குரலும் கைகளும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால், கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ளது மூதூர். 1659ஆம் ஆண்டில், புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள இக்குடாவை நாடி வந்தது. அதிலிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன் 1660இல் தன் தந்தையோடும் தோழர் சிலரோடும் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிபட்டான். பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிற் கைதியாய் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றித் தன் நூலை வெளியிட்டான். கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட அம்மனிதனின் எழுத்து, இரண்டரை நூற்றாண்டின் பின் ஒரு திரைப்படத்தின் குரலாயிற்று. அது எழுப்பும் அறவினாவையே நாம் இங்கு ஆராய விழைகிறோம்.

பசில் ரைட் 1934இல் இலங்கையிற் படம்பிடித்த 'சோங் ஒவ் சிலோன்' ஏறத்தாழ நாற்பது நிமிடமே ஓடும் விவரணப் படம். தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை. நொக்ஸின் வாசகங்களைப் படத்திற் படித்தவர் நம் நாட்டுக் கலைஞர் லயனல் வென்ற். 1935இல் பிரசல்ஸ் சர்வதேசத் திரைப்பட விழாவில் இப்படம் முதற்பரிசு பெற்றது.

தேயிலை விற்கப் பிறந்த படம் கலையாவது எங்ஙனம்? 'வணிகத்தின் குரல்கள்' என்னும் அதன் மூன்றாம் பகுதியைப் பாருங்கள். திரையிலே ஒரு மனிதன் தென்னையில் ஏறுகிறான், கைகள் உழைக்கின்றன. செவியிலோ வணிகக் கடிதங்களும் சந்தை விலைகளும் ஒலிக்கின்றன. உழைப்பவன் இங்கே, விலை கூறுபவன் எங்கோ. காட்சியையும் ஒலியையும் பிரித்து, மீண்டும் மோதவிட்ட இச்சோதனை வெறும் உத்தியன்று. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தையே அது கண்முன் நிறுத்திவிடுகிறது. பணம் கொடுத்தவன் கேளாத உண்மையை வடிவம் பேசிவிட்டது. பரீட்சார்த்தக் கலையை மேட்டுக்குடியினரின் விளையாட்டென்று ஒரேயடியாக ஒதுக்கும் நண்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆயினும் நம் மனம் அமைதியுறவில்லை. நொக்ஸ் வாழ்ந்த காலத்தில் இந்நாட்டிலே தேயிலைத் தோட்டம் ஏது? வர்த்தகப் பயிராக அது 1867இலேதான் தொடங்கிற்று. கடல் கடந்து வந்து காட்டை மலைத்தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளரை அவன் அறிந்திருக்க வழியில்லை. அவர்கள் தோன்றுமுன்பே எழுதி முடிக்கப்பட்ட நூலைக்கொண்டு அவர்களுடைய நாட்டுக்கு உரை கூறும்போது, கொழுந்து கொய்யும் கைகள் காட்சியாகலாம். அவற்றுக்குரியவர் பேசுவோர் ஆவதில்லை. படம் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளின் பின், 1948இல், அம்மக்களின் குடியுரிமை சட்டத்தாற் பறிக்கப்பட்டது. அதற்குப் படத்தைக் குற்றஞ்சாட்டுதல் நம் நோக்கமன்று. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தை அழகிய காட்சியாக மட்டும் காணப் பழகிய கண், அவர்கள் உரிமை இழந்தபோது பதறாதிருந்ததில் வியப்பென்ன?

'கலைஞன் கண்டதைக் காட்டினான்; அதற்குமேல் அவனிடம் கேட்பது முறையோ?' என்பர் சிலர். முறையே. ஒருவர் முகத்தைக் கடன் வாங்குபவன் அவர் சொல்லுக்கும் கடமைப்பட்டவன். இக்கடமை ரைட்டோடு முடிவதன்று. உழைப்பாளரின் பேரால் எழுதும் நாமும், வகுப்பறையில் அவர்களைப் பற்றிப் பாடம் நடத்தும் நாமும், அவர்கள் வாய்திறக்குமுன் நம் சொற்களை அவர்கள்மேற் சாத்தவில்லையா? முற்போக்கு என்னும் பெயர் இப்பிழையிலிருந்து நம்மைக் காவாது.

குறும்படங்களுக்கென்றே ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் 1954 முதல் விழா நடந்து வருகிறது. 2015இல் யாழ்ப்பாணத்திலும் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிற்று. சிறிய கருவியால் எவரும் படமெடுக்கும் காலம் இது. திருகோணமலை மாணவர்களும் எடுக்கட்டும். வடிவத்திலே துணிந்து சோதனை செய்யட்டும். ஆனால் விழாவுக்கு அனுப்புமுன் மூதூரின் கரையிலே ஒரு வெள்ளைத்துணியைக் கட்டி, படத்தில் வலையிழுக்கும் மனிதர்க்கு முதலிற் காட்டட்டும். 'இது நானல்லன்' என்று அவர்களுள் ஒருவன் எழுந்து சொன்னால், அச்சொல்லையும் படத்திற் சேர்க்கும் துணிவு வேண்டும். பரிசு பெறுவதினும் அரிய சோதனை அதுவே.